மாரிக்கனி மேடையில் சொன்னது

மாரிக்கனி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மேடை ஏறினாள். மாலை வாங்க அல்ல, போன வேலையைத் திரும்பக் கேட்க.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டை ஒட்டி ஒரு நூல் மில். பெரிய பேர் எடுத்த மில் இல்லை. கல்யாணமாகி வந்த மறு வருசமே அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரிங் பிரேம் என்று சொல்லும் நூற்கிற மெஷினில் வேலை. நூல் சுற்றுகிற கதிர்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டே இருக்கும். எங்கேயாவது ஓர் இழை அறும். ஓடிப்போய் அறுந்த நுனியைப் பிடித்து, சுழல்கிற கதிரோடு ஒட்டிவிட வேண்டும். மெஷின் யாருக்காகவும் நிற்காது. ஓட வேண்டியது ஆள்தான்.

அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் மில் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருப்பார்கள். எதிர் மெஷினில் நிற்கும் கேத்ரினும் மாரிக்கனியும் ஷிப்டு முடிவதற்குள் தெருக்கதை, சர்ச்சுக்கதை, சீரியல் கதை எல்லாவற்றையும் சத்தமே இல்லாமல் பேசி முடித்துவிடுவார்கள். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. புருசன் மொக்கைச்சாமி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தால் போதும்.

"உப்பு டப்பா ஒங்க கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு."

"ஒங்கிட்ட வாய்க்குள்ளகூட வைய முடியலயேட்டி," என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

மொக்கைச்சாமிக்குச் சத்திரப்பட்டியில் விசைத்தறி வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்வார்கள். வாரத்தில் பாதி நாள் தறி நிற்கும். மகள் நர்சிங் முதல் வருசம். வீடு ஓடியது மாரிக்கனியின் கையால்தான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். யாரும் சொல்லிக்காட்டியதில்லை.

ஒடிசாவிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்பிள்ளைகள் வந்து மில் ஹாஸ்டலில் இறங்கினார்கள். அதில் ஒருத்தியை சூப்பர்வைசர் கூட்டிவந்து மாரிக்கனி பக்கத்தில் நிறுத்தி, "பழக்கி விடுங்க" என்று கைகாட்டிவிட்டுப் போனார். ரஸ்மிதா என்று பேர். மாரிக்கனி வாயில் அது ரசுமி ஆயிற்று. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் பிரயோசனம் இல்லை. மாரிக்கனி தன் கையை அவள் கைமேல் வைத்து, இழையை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று காட்டினாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தபோது அந்தப் பிள்ளை அழவில்லை, வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி பிடித்தது. முதல்முறை இழை ஒட்டிக்கொண்டதும் மாரிக்கனி அவள் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து, "நல்ல பிள்ளை" என்றாள். ரசுமி முதன்முதலில் கற்றுக்கொண்ட தமிழ் அதுதான். அதையும் காதால் அல்ல, கண்ணால் கற்றுக்கொண்டாள்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை மலைப் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். படியேறி சாமியைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு, "ஜகந்நாத்" என்றது. "எல்லாம் அவருதான். ஒங்க ஊர்ல ஒரு பேரு, எங்க ஊர்ல ஒரு பேரு," என்றாள் மாரிக்கனி. ரசுமிக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தது.

அதற்கு அடுத்த வருசம் தீபாவளி கழிந்து மில்லில் நூல் விற்காமல் தேங்கியது. குடோனில் இடமில்லாமல் வராந்தாவில் மூட்டை அடுக்கினார்கள். ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். நிறைந்த நூல்கட்டைகளைத் தானே கழற்றி வைக்கிற புது மெஷின் வேறு வந்தது. வெளியிலிருந்து வேலைக்கு வரும் உள்ளூர்ப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஆர்டர் வரட்டும், சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளை வைத்துக்கொண்டார்கள். அவர்களை எந்த நேரமும் எழுப்பி நிறுத்தலாம். பிஎஃப் கேட்க மாட்டார்கள். தாலுகா ஆபீசில் போய் நிற்க அவர்களுக்கு ஆளும் இல்லை.

மாரிக்கனியின் மெஷினில் ரசுமி நின்றாள்.

மாரிக்கனிக்கு வயிறு எரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைமேல் கோபம் வரவில்லை. கேட்டைத் தாண்டும்போது ரசுமி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதை அவள் மறக்கவில்லை.

பிறகு மாதங்கள் போயின. சொல்லி அனுப்பவில்லை. மகளின் கல்லூரியிலிருந்து பீஸ் கேட்டு இரண்டு முறை போன் வந்தது. மாரிக்கனி வாரம் ஒருமுறை மில் கேட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாள். வாட்ச்மேன் தூரத்திலேயே கையை விரித்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தலைவர் ஊர் ஊராகப் பேச வந்தார். புதுக் கட்சி, புதுக் கொடி. நல்ல குரல். ஜனங்கள் மனதில் இருப்பதைத் தூண்டில் போட்டு எடுப்பது போலப் பேசுவார். நூல் ஏன் விற்கவில்லை, கரண்டு பில் ஏன் ஏறியது, புது மெஷின் எத்தனை பேர் வேலையைத் தின்றது, இதெல்லாம் அவர் பேச்சில் வராது. அதற்கெல்லாம் முகம் கிடையாது. கல்லெறிய முகம் வேண்டும். அதனால் வடக்கன் வருவான். எல்லாப் பேச்சிலும் வருவான்.

அந்தக் கட்சிக்கு ஊரில் பொறுப்பாளர் பாண்டிதுரை. இதே தெருப் பையன், லோடு ஆட்டோ ஓட்டியவன். ஒரு நாள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தான்.

"மதினி, ஞாயித்துக்கெழம நம்ம மீட்டிங்கு. தலைவரு வாராரு. நீங்க மேடையில நிக்கணும்."

"நான் எதுக்குப்பா? நின்னா முட்டு வலிக்கும்."

"செத்த நேரம்தான். வேல போன ஒரு தாயக் காட்டணும்னு தலைவரு கேட்டாரு. நான் ஒங்க பேரக் குடுத்துட்டேன். தலைவரு ஒரு வார்த்த சொன்னா மில்லுக்காரன் மறுநாளே கூப்பிடுவான்."

"நெசமாவா?"

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டுமா?"

மூலையில் படுத்திருந்த மொக்கைச்சாமி எழாமலே சொன்னான்: "ஒந்தலை எதுக்குடா? அதுல அடிச்சா டங்குன்னு சத்தம்தான் வரும்."

பாண்டிதுரை சிரித்துக்கொண்டான். மாரிக்கனி சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்ல மாட்டாவியல்ல?" என்று கேட்டாள்.

"எந்தப் பிள்ளைய?"

"என் மெஷின்ல நிக்கிற பிள்ளை."

"சேச்சே, ஆரு பேரும் வராது மதினி. நீங்க பேசவே வேண்டாம். நின்னா போதும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கல்யாண வீடுகளுக்கென்று எடுத்துவைத்திருந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மேடையில் லைட் வெளிச்சத்தில் கண் கூசியது. தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் விசிலடித்தது. அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"முப்பது வருசம்! முப்பது வருசம் இந்தக் கை நூல் நூற்றது. இந்தக் கையிலிருந்து சோற்றைப் பிடுங்கியவன் யார்?"

அவ்வளவு வருசம் ஆகவில்லையே என்று நினைத்தாள் மாரிக்கனி. அதற்குள் கூட்டம் "வடக்கன்!" என்று பதில் சொல்லிவிட்டது. அது மழை போல வந்து மேடையில் அடித்தது. தலைவர் திடீரென்று மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. உங்க மெஷின்ல இன்னைக்கு நிக்கிறது யாரு?"

பேச வேண்டியதில்லை என்றுதானே சொன்னான் பாண்டிதுரை? கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே என்று நினைத்தாள்.

"ஒரு வடக்கத்திப் பிள்ளை நிக்கு," என்றாள்.

மைக் அவள் வாயைவிட்டுப் போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. "நாந்தான் அதுக்கு வேலை பழக்குனேன். நல்ல பிள்ளை. அது என்ன செய்யும் பாவம்," என்று சொல்லி முடித்தாள். ஆனால் அதற்குள் தலைவர் மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், "கேட்டீர்களா தமிழர்களே!" என்று முழங்கிவிட்டார். மேடையில் நின்றவர்களுக்கே அவள் சொன்ன மிச்சம் கேட்கவில்லை. மில்லில் கேட்காது போகுமே, அது போல.

கீழே இறங்கியதும் பாண்டிதுரை அவளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். "கலக்கிட்டீங்க மதினி."

"நான் சொன்னது முழுசாக் கேக்கல தம்பி."

"கேட்டது போதும்."

மறுநாள் காலை அடுப்பில் உலை கொதிக்கும்போது போன் கூவியது. ரசுமி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். மாரிக்கனி அதைக் காதில் வைத்தாள். பிள்ளையின் குரல் சந்தோசத்தில் தடுக்கித் தடுக்கி ஓடியது.

"அக்கா! வீடியோ பாத்தேன். பெரிய ஸ்டேஜ். புது சேலை, சூப்பர். அக்கா, நீங்க என்ன சொன்னீங்க எனக்குத் தெரியும். சத்தம் வரல. வாய் பாத்தேன். நல்ல பிள்ளை சொன்னீங்க. என்னை சொன்னீங்க. நான் வீடியோ அம்மாவுக்கு அனுப்பிட்டேன். அம்மா அழுதாங்க. சந்தோசம் அக்கா."

மாரிக்கனி அதை மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். அத்தனை கூட்டத்தில் ஒருத்தருக்கும் கேட்காத பாதி, யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்குச் சேர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கேட்ட பாதிதான் அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை.

பதில் பேச போனை வாயருகே கொண்டுபோனாள். என்ன சொல்வது? ஜாக்கிரதையாக இரு என்றா? ஏன் என்று கேட்டால்? பேசிப் பேசி அழித்தாள். கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். இழை சரியாக ஒட்டியதும் மெஷினுக்கு இந்தப் பக்கமிருந்து காட்டுவாளே, அதே கட்டைவிரல்.

அன்றைக்குப் பொழுது சாய, மில்லுக்குப் பின்னால் வடநாட்டுப் பையன்கள் தங்கியிருந்த வீடுகளில் கல் விழுந்தது. ஒருவனுக்கு முழங்கை உடைந்தது. சமைத்து வைத்த சோற்றுச் சட்டியை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். "எங்க தாய் மாரிக்கனிக்கு நீதி வேணும்" என்று கத்தினார்களாம். தெருவில் சொன்னார்கள். மொக்கைச்சாமி அன்றைக்கு அவளைக் கிண்டல் செய்யவில்லை. சோற்றில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும் கேத்ரின் போன் செய்தாள். உள்ளூர்ப் பெண்களில் இன்னும் நிறுத்தாமல் வைத்திருந்த சிலரில் அவள் ஒருத்தி.

"ஏட்டி, ஹாஸ்டல் பிள்ளைகளை மதுரைக்கு பஸ்ல ஏத்துறாவ. ரயிலுக்கு. அம்புட்டுப் பேரையும்."

"ரசுமி?"

"அதுவுந்தான். ஒன் வீடியோவுக்கு ஆரோ அர்த்தம் சொல்லிட்டாவ போல. ராத்திரியிலருந்து ஒரு வார்த்த பேசல."

மாரிக்கனி செருப்பைக்கூடப் போடாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவள் போய்ச் சேரும்போது பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தார்கள், கல்லுக்குப் பயந்து. மூன்றாவது ஜன்னலில் ரசுமி. மாரிக்கனி பஸ்ஸோடு கூடவே ஓடினாள். ஓடி ஓடித்தானே அவள் காலம் போயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரசுமியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆனால் உதட்டைப் படிப்பதில் மாரிக்கனிக்குத் தப்பு வராது. கண்ணீர் மறைத்தாலும் வராது.

"ஏன் அக்கா?"

அதைத்தான் கேட்டாள். மாரிக்கனி வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையைச் சொல்வது என்று தேடுவதற்குள் பஸ் ரோட்டில் ஏறிவிட்டது.

அடுத்த வாரமே மில்லிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பாண்டிதுரை பெருமையோடு முன்னால் வந்தான். "சொன்னேனா இல்லையா மதினி?" சொன்னது நடந்துவிட்டது. அதுதான் மாரிக்கனிக்குத் தாங்கவில்லை. பொய்யாய்ப் போயிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பாள்.

ஆபீசில் போய் நின்றபோது பழைய நம்பர் இல்லை என்றார்கள். இனி கான்ட்ராக்டில்தான். பிஎஃப் கிடையாது, லீவு கிடையாது. எந்த ஷிப்டுக்குக் கூப்பிட்டாலும் வர வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு என்ன கூலியோ அதே கூலி. வேன் அனுப்புவார்கள், வேனுக்குப் பிடித்தம் உண்டு.

"முன்ன வாங்குனதுல பாதிதான வருது சார்?"

"அந்தப் பிள்ளைங்க இதுக்குத்தாம்மா நின்னாங்க," என்றார் கிளார்க், நிமிர்ந்து பார்க்காமல். "வேண்டாம்னா சொல்லுங்க. வெளியில ஆள் நிக்கு."

மாரிக்கனி கையெழுத்துப் போட்டாள். மகளுக்கு இன்னும் இரண்டு வருசம் படிப்பு இருந்தது. தன் சோற்றைப் பறித்ததாக ஊர் சொன்ன பிள்ளை தின்றது எந்தச் சோறு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வருசத்துக்கு மேல் பக்கத்தில் நின்றும் ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை.

இப்போது ரசுமி நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள். முன்பு அவளுக்கு ஒரு மெஷின். ஆள் போதாததால் இப்போது இரண்டு. எதிரே கேத்ரின். ஒரு நாள் கேத்ரின் உதடு அசைத்தாள்: "இன்னிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில மீட்டிங்காம். பால்கோவாக் கடையில வேல போன ஒரு பொம்பளைய மேடையில ஏத்துதாவளாம்."

மாரிக்கனி மெஷின் பக்கம் திரும்பினாள். ஒரு கதிரில் இழை அறுந்திருந்தது. ஓடிப்போய்ப் பிடித்து ஒட்டினாள். சரியாக ஒட்டிக்கொண்டது. பழக்கத்தில் அவள் முகம் பக்கவாட்டில், ரசுமி நின்று வேலை பழகிய பக்கம் திரும்பியது. வாய் தானாக அசைந்தது. அங்கே யாரும் இல்லை. பஞ்சுத் தூசிதான் பறந்துகொண்டிருந்தது.

கேத்ரின் அதைப் பார்த்துவிட்டாள். "ஆருகிட்டட்டி பேசுற?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் மாரிக்கனி. அடுத்த இழை அறுந்தது.