பால் பல்லுதானே

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த பிளாக்கில் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. தொழிற்சாலை வேலைக்காக ஏதேதோ ஜில்லாவிலிருந்து வந்தவர்கள், பெட்டி படுக்கையோடு ஊர்ப்பேச்சையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். யார் எதைச் சுவையாகச் சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு அதுதான் காலேஜ். அப்படிச் சேர்த்ததில் காறித் துப்ப வேண்டிய சொல் ஒன்று உண்டு. 'பால் பல்லுதானே' என்பது. பிள்ளைக்குப் பல் கறுத்தாலும் அதுதான், ஓட்டை விழுந்தாலும் அதுதான், ஈறு வீங்கினாலும் அதுதான். அந்த பிளாக்கில் அதை அதிகம் சொன்னவன் நான்.

எண்பதுகளின் நடுவில் என் மகள் பிறந்தாள். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு. எனக்கு மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மதியம் வரை தூங்க வேண்டும். ஷிப்ட் பார்க்கிறவன் தூக்கம் என்றால் எங்கள் பிளாக்கில் அது ஏதோ தேசக் காரியம். குக்கர் விசில் அடிக்கக் கூடாது, ரேடியோ பாடக் கூடாது, குழந்தை சிணுங்கக் கூடாது. குக்கரையும் ரேடியோவையும் நிறுத்திவிடலாம். குழந்தைக்கு எல்லா வீட்டிலும் ஒரே வழிதான்: பீடிங் பாட்டில் நிறையப் பால், தாராளமாகச் சர்க்கரை. அதை வாயில் வைத்துப் படுக்கப்போட்டால் உறிஞ்சியபடியே தூங்கிவிடும். முழித்தால் மறுபடி பாட்டில். என் மகள் நாலு வயது வரைக்கும் பகலெல்லாம் அப்படித்தான் கிடந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆவடியை ஒட்டிய சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். என் செக்‌ஷனில்தான் வேலை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, உன் ஊட்ல கொயந்தன்னு ஒண்ணு கீதா, இல்லியா? ஒரு சத்தம் காணோமே."

"இருக்குது. வளர்ப்பு அப்படி" என்றேன். மெடல் குத்திக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

மூன்று வயதுக்குள் அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் பழுப்பாகி, கறுத்து, அரிசிக் குருணை மாதிரி தேய்ந்துபோயின. டாக்டரிடம் காட்டலாம் என்று மனைவி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பால் பல்லுக்குப் போயி எவனாவது பஸ் டிக்கெட் எடுப்பானா? வுயுந்துட்டா வேற மொளைக்கப் போவுது."

இந்த டிக்கெட் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தொழிற்சாலையில் நாலு பேரிடம் என் சொந்தச் சரக்கு போலச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். டாக்டர் பேச்சு அதோடு நின்றது.

ஐந்து வயது நெருங்கும்போது கீழ்வரிசைக் கடைவாயில் ஒரு பல்லில் குழி விழுந்தது. சோற்றை ஒரே பக்கமாக மென்றாள். பாதி மென்றதைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு காலையில் நான் ஷிப்ட் முடிந்து வரும்போது கன்னம் உருண்டைக் கட்டியாக வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. வலிக்கிறதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோங்க. அந்தப் பல்லையாவது காப்பாத்தணும்" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா? அது பூச்சிப்பல், பூச்சியை எடுத்தால் சரியாகிவிடும் என்று, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து பல்லுப் பூச்சி எடுக்கிற அம்மாவைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். பிளாக்கே கூடிவிட்டது. அந்த அம்மா இரும்புத் துண்டு ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, கண்டங்கத்திரி விதையை எண்ணெயில் குழைத்து அதன்மேல் போட்டு, ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியால் மூடினாள். ஓட்டையில் ஒரு பப்பாளி இலைக் காம்புக் குழல். அது வழியாக வந்த புகையை என் மகள் வாயில் பிடிக்க வேண்டும், பிடித்ததும் தட்டுத் தண்ணீரில் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கண்ணில் நீர் வழிய, இருமி இருமித் துப்பினாள். கொட்டாங்குச்சியையும் அந்த அம்மா அதே தண்ணீரில் கழுவினாள். தட்டில் வெள்ளை வெள்ளையாக, நூல் நுனி மாதிரி மிதந்தன.

"பாத்தியா, எப்டி நெளியுது பாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒன்றும் நெளியவில்லை. ஆடியது தட்டில் இருந்த தண்ணீர்தான். ஆனால் கூட்டம் மொத்தமும் 'ஆமாம் ஆமாம்' என்றது. நான் யார்? தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன். மைக்ரோமீட்டரில் ஒரு மயிரிழை பிசகினால் மூன்று நாள் வேலையை முகத்துக்கு நேரே திருப்பி அனுப்புகிறவன். அந்த நான், என் பிள்ளை வாயிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒன்றைக்கூட விரலால் தொட்டுப் பார்க்காமல், எட்டு பூச்சி என்று எண்ணிச் சொன்னேன்.

மனைவிதான் ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினாள்.

"இது வெதைங்க. சூட்டுல பொரிஞ்ச வெதையோட பருப்பு."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றேன். நாலு பேர் முன்னால் வேறெதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் தாடைக்கு இறங்கிவிட்டது. அன்று நான் தூங்கிக்கொண்டிருந்தபோது மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். என்னை எழுப்பவில்லை. எழுந்து பார்த்தால் வீடு காலி. சத்தமில்லாத வீட்டுக்கு நான் எவ்வளவு பழகியிருந்தேன் என்றால், ஆள் இல்லை என்பதே எனக்குச் சமையலறை வரை போன பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

நான் போய்ச் சேரும்போது பல் டாக்டரம்மா மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி பல்லுதான் ஏழு, எட்டு வயசுல விழும். கடவாய்ல இருக்கிற பால் பல்லு பத்து, பதினொண்ணு வரைக்கும் இருக்கணும்மா. அடியில வளர்ற பல்லுக்கு அதுதான் எடம் பிடிச்சு வெச்சிருக்கு. இதுல வேர் வரைக்கும் சீழ் போயிடுச்சு, எடுத்துத்தான் ஆகணும். பக்கத்துல ரெண்டு பல்லு ஆரம்பம்தான், அடைச்சுக் காப்பாத்திடலாம். நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்."

பிறகு கேட்டார்: "பாட்டில்ல சக்கரைப் பால் குடுத்தீங்களா? எப்போ?"

"பகல்ல. படுக்கப்போடும்போது."

"பகல் முழுக்க எதுக்கும்மா படுக்கப்போட்டீங்க?"

மனைவி சுவரைப் பார்த்தாள். பதில் தெரிந்த ஆள் நான், கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

நாற்காலியில் இருந்த மகள்தான் வீங்கிய வாயோடு சொன்னாள்: "அப்பா தூங்குவாங்க."

டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். மரத்துப்போகிற ஊசி போட்டார். சீழ் பிடித்த இடத்தில் அது முழுசாக வேலை செய்யாது, கொஞ்சம் வலிக்கும், கத்தினால் பரவாயில்லை என்று பிள்ளையிடமே சொன்னார். குறடு உள்ளே போனது. நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் இரண்டும் விறைத்தன. கட்டைவிரல்கள் மடங்கிக்கொண்டன. சத்தம் வரவில்லை.

பல்லைப் பஞ்சில் வைத்துவிட்டு டாக்டரம்மா அவள் தலையைத் தடவினார்.

"இவ்ளோ சமத்தா? எங்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல ஒண்ணுகூட இப்படி இருந்தது கிடையாது. நல்ல வளர்ப்பு."

அவர் மனசாரத்தான் சொன்னார். மனைவி முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"புடுங்கிட்டாங்களா? போனா போவுது வுடு அண்ணாத்தே, பால் பல்லுதானே."

அவர் வீட்டுக்குள்ளே அவருடைய சின்னப் பையன் வாயில் பாட்டிலோடு சத்தமில்லாமல் படுத்துக் கிடந்தான். அந்த வாரம் அவருக்கும் நைட் ஷிப்ட்.