முந்நூற்றுப் பதிமூன்றாவது ஜன்னல்

எந்த விளக்கின் சுவிட்சைப் போட்டாலும் அண்ணன் வாய்க்குள் இரண்டு எண்ணுவான். அவர்கள் வீட்டில் முன்பு இருந்த டியூப்லைட் அப்படி. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, இரண்டு எண்ணி முடிக்கும்போதுதான் எரியும். அது போய், தட்டியதும் எரிகிற பல்பு வந்து பல வருஷமாகியும் எண்ணுவது நிற்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் சுவரைப் பார்த்து நின்று, எண்ணி முடித்துவிட்டுத்தான் நகர்வான்.

"அதான் எரியுதே, போண்ணா" என்பாள் தங்கை.

"அது அவசரக்குடுக்கை. அதுக்காக நானும் ஓடணுமா?"

அவன் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். இரண்டு பிள்ளைகளில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்று ஆனது. யார் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. மறுவாரமே அவன் விளக்குகளை அட்டைப்பெட்டியில் அடைக்கும் கிடங்குக்குப் போகத் தொடங்கிவிட்டான். யாராவது நகைச்சுவை சொன்னால் சற்றுத் தாமதமாகச் சிரிப்பான். அதனால் அங்கே அவனுக்கு டியூப்லைட் என்றே பெயர் விழுந்தது.

தங்கை கல்லூரியில் கணினி படிக்கச் சேர்ந்தபோது வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அது அண்ணனுக்கு. கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டான். யாரோ எழுதிச் சேர்த்த மோடு, அதாவது கூடுதல் இணைப்பு, ஒன்றும் அதில் உண்டு. அதைப் போட்டால் விளையாட்டுக்குள்ளேயே சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களை வைக்கலாம், அவற்றில் நிரல் எழுதலாம், அந்த நிரல் சொன்னபடி விளக்குகள் எரியும், அணையும். அண்ணன் ஒரு துறைமுக ஊரைக் கட்டினான். முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர். விளையாட்டுக்குள் பொழுது சாயும்போது கடலோரத்தில் முதல் ஜன்னல் எரியும், பிறகு வரிசையாக மேட்டுத் தெருவரை ஏறும். விடிந்தால் அதே வரிசையில் அணையும்.

"பொழுது சாஞ்சுதா சாஞ்சுதான்னு இது சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருக்குல்ல, உங்க காலேஜ்ல இத என்னன்னு சொல்வாங்க?"

"லூப்."

"லூப்பா. நான் செக்குமாடுன்னு பேரு வச்சிருக்கேன்."

ஊரின் உச்சியில், மேட்டுத் தெருவுக்கும் மேலே, ஒற்றை வீடு ஒன்று இருட்டாக இருந்தது. வயர் வாசல்வரை வந்து அங்கேயே நின்றிருந்தது. அது யார் வீடு என்று ஒருமுறை கேட்டாள்.

"பட்டதாரி அம்மா வீடு. டிகிரி வாங்கு, அன்னிக்கு எரிய விடறேன்."

கடைசி வருஷம் ஒவ்வொரு மாணவரும் ஒரு நிரலைச் சொந்தமாக எழுதிக் காட்ட வேண்டும். அவள் எழுதியது மூன்று மாதமாகியும் ஓடவில்லை. கெடு நெருங்கியதும் சோறு இறங்கவில்லை. அண்ணன் இரண்டு நாள் பார்த்தான்.

"செக்குமாட்ட ஓட்டிட்டுப் போயேன்."

"அது உன்னோடதுண்ணா."

"எனக்கெதுக்கு? பெட்டி மேல ஒட்டவா?"

அவள் நிரலின் பெயரை மாற்றினாள். செக்குமாடு என்பதை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் கௌரவமாக ஒன்றை வைத்தாள். தேர்வாளர் திரையில் ஊர் எரிவதைப் பார்த்து முடித்தார். நிரலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல ரெண்டு வினாடி நிறுத்தறீங்களே, ஏம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. "பாக்க அழகா இருக்கும்னு, சார்" என்றாள்.

அவர் அந்த வரியை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கல்லூரியின் இணையப் பக்கத்தில் அந்த நிரல் அவள் பெயரோடு ஏறியது. அதைக் காட்டித்தான் அவளுக்கு வேலையும் கிடைத்தது. பட்டம் வாங்கிய அன்று அண்ணன் நேரம் கழித்து, உடம்பெல்லாம் அட்டைத் தூசியோடு வந்தான். "ஜன்னல் அடுத்த ஞாயிறு" என்றான். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் கிடங்கில் கூடுதல் வேலை இருந்தது.

பெட்டி அடைக்க இயந்திரம் வரப்போகிறது, பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்ற செய்தி அந்தச் சமயத்தில்தான் வந்தது. புதுக் கட்டடத்தின் விளக்குகளையெல்லாம் நிரல் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் விண்ணப்பித்தான். இருந்த ஒரே நல்ல சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வந்து, "வேற ஆளப் போட்டுட்டாங்க" என்றான். மறுவாரம் அவனையும் நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது என்னவென்று அவளுக்குச் சொன்னவர் லேபிள்காரர். கிடங்கில் அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் பெட்டிக்கு லேபிள் ஒட்டியவர், அவரும் வேலை போனவர். பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"உங்க அண்ணன் பண்ணது சரியாம்மா? தங்கச்சி படிச்சு எழுதினத தன்னோடதுன்னு கொண்டுபோய்க் காட்டலாமா?"

"என்ன சொல்றீங்க?"

"மேனேஜர் நெட்ல தேடிப் பாத்திருக்காரு. உங்க காலேஜ் பக்கத்துல அப்படியே இருக்கு, வரிக்கு வரி, உன் பேர்ல. இது யார் எழுதினதுன்னு கேட்டாராம். இவன் முழிச்சிட்டு நின்னானாம். அப்புறம், என் தங்கச்சி எழுதினது, நான் எடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்லியிருக்கான். டியூப்லைட்டு. திருடினாலும் திருந்தத் திருட வேணாமா?"

அவள் ஏற வேண்டிய பேருந்து வந்தது, போனது.

வீட்டில் அண்ணன் துணிப்பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். தொலைவில் ஏதோ கட்டட வேலை. ஆள் எடுக்கிறார்களாம்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? உன் டிகிரி போயிடும்ல."

"நான் போய் உண்மையச் சொல்றேன்."

"சொல்லி? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஜன்னல எண்ணலாமா?" சட்டையின் காலரை நீவிவிட்டான். "அந்த ரெண்டு வினாடி எதுக்குன்னும் மேனேஜர் கேட்டாரு. மூச்சு விடாம சுத்தற நிரல அந்த விளையாட்டு தானா நிறுத்திடும், அதுக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனா எழுதினது நீன்னு சொல்லிட்டேனே, எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

மறுநாள் அவன் போய்விட்டான்.

கல்லூரிக்கு அவள் மூன்று முறை கடிதம் எழுதினாள். மூன்றும் அலுவலகப் பையிலேயே மடிந்து கிடந்து நைந்தன. இப்போது சொன்னால் அவனுக்கு என்ன திரும்பக் கிடைத்துவிடும் என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடவும் வேலைக்குப் போகவும் தன்னால் முடிகிறதே என்பதுதான் அவளை அறுத்தது. படிப்பு மனிதர்களை நிமிர வைக்கும் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது வந்தால் பட்டச் சான்றிதழ் இருக்கும் சுவரைக் காட்டுவாள். தங்கை அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். விளையாட்டுக்குள் பொழுது சாய்ந்தது. கடலோரத்தில் முதல் ஜன்னல் எரிந்தது. வரிசையாக ஏறி மேட்டுத் தெருவோடு நின்றது. உச்சி வீடு இருட்டு. நிரலைத் திறந்து கடைசிவரை போனாள். விளக்குகளின் பட்டியலுக்குக் கீழே அண்ணன் தனக்காகக் குறித்து வைத்திருந்தான்: 313, தங்கச்சி வீடு, பாக்கி.

வயரை ஒரு கட்டை தூரம் இழுத்து, ஒரு வரி சேர்த்தால் எரிந்துவிடும். அவளுக்கு அது தெரியும். விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன. மற்ற எல்லா வரிகளும் ஏற்கெனவே அவள் பெயரில்தான் இருந்தன.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. ஞாயிறுதோறும் அண்ணன் பேசுவான். அவள் எடுத்தாள்.

"அண்ணா, மேல இருக்கற அந்த ஜன்னல் இன்னும் எரியலயே."

இரைச்சலுக்கு நடுவே அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவள் வாய்க்குள் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு. மூணும் நாலும் எண்ணினாள்.

"எந்த ஜன்னல்?" என்றான். "அம்மாகிட்ட குடு."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். 313 பாக்கி என்ற வரி அதற்குள் அப்படியே இருக்கிறது.