மஸ்கெலியா ரோட்டில் நான் ஓடிய ஒரே ஓட்டம்

இன்று காலை மஸ்கெலியா நீர்த்தேக்கத்தோரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண், உடற்பயிற்சிக்காக ஓடி வந்து என் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

"ஓடுறதுக்கு எவ்வளவு அழகான ரோடு அங்கிள்! நீங்க ஓடியிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவைம்மா. எண்பத்தொன்னுல."

அவளிடம் கதையைச் சொன்னேன்: அன்று என் மனைவிக்குப் பிரசவ வலி. தேயிலைத் தோட்டத்து லொறி பழுது. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து டவுன் வரை மழையில் ஓடினேன். அங்கே ஒரு வாடகை வேன்காரர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, "ஏறுங்க தம்பி" என்றார். லயத்துக்குத் திரும்பி மனைவியை ஏற்றிக்கொண்டு போனோம்; ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்குள்ளேயே மகள் பிறந்தாள். இருவரும் நலம்.

"அப்போ ஓடும்போது இந்த வியூவ நீங்க பார்க்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"நாளைக்கு என்கூட ஓடி வாங்க. மெதுவாப் பார்த்துக்கிட்டே போவோம்."

சரி என்று சொல்லிவிட்டேன். வயது அறுபத்தெட்டு. என் மனைவியிடம் இதை யார் பக்குவமாக எடுத்துச் சொல்கிறீர்கள்?