சமையலறைக் கதவோரத்துச் சைவ மேசை

கிள்ளானில் அய்யூப் நடத்தும் சின்ன கம்பெனியில் ஐங்கரன் விற்பனை அதிகாரி. அதற்கு முன்பு பல வருடங்கள் அதே கம்பெனியின் வேனில் ஏறி இறங்கி, தொழிற்சாலைகளின் எரிவாயு அடுப்புகளையும், குழாயில் வரும் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர்களையும் கழற்றி மாட்டியவர். கை நல்ல கைதான். வாய் அதைவிட வேகம். அந்த வாயை நம்பித்தான் அய்யூப் அவருக்கு ஒரு டை வாங்கிக் கொடுத்து, சட்டைப்பை நிறைய பெயர் அட்டைகளைத் திணித்து, கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே மாதம் ஒரு முறை எரிவாயுத் தொழிலில் உள்ளவர்கள் ஒரு ஹோட்டலில் கூடி மதிய விருந்து சாப்பிடுவார்கள். முதலில் யாராவது மேடையேறி, எரிவாயு விலை எங்கே போகிறது என்று படம் காட்டிப் பேசுவார். கேட்பவர்களின் கண் படத்தில் இருக்கும். மூக்கு பின்னால் வந்துகொண்டிருக்கும் பிரியாணியில் இருக்கும். பேச்சு முடிந்ததும் விற்கிறவர்கள் வாங்குகிறவர்களைத் தேடிக் கிளம்புவார்கள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் நல்ல வேலையில் இருக்கும் பையனைத் தேடுவார்களே, அந்த மாதிரி.

ஐங்கரனுக்கு இந்த விருந்து மிகவும் பிடித்துப்போனது. ஆட்டுக்கறிப் பிரட்டலை இரண்டாம் முறை எடுக்கப் போகும்போது வரிசையில் நிற்பவரோடு பேச்சுக் கொடுப்பதுதான் தன் வியாபாரத் தந்திரம் என்று வீட்டில் மனைவி ஜெயமாலாவிடம் சொல்லுவார். அவள் அவருடைய இடுப்பு வாரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். அய்யூப் சிரிக்கவில்லை.

"ஏன் ஐங்கரா, போற, சாப்பிடுற, ஏப்பம் விட்டுக்கிட்டு வர்ற. ஒரு வேலையாச்சும் கொண்டாந்தியா? அந்த மேரு கையுறைத் தொழிற்சாலைய வருசக் கடைசிக்குள்ள பிடிக்கல, டையக் கழட்டிட்டு மறுபடியும் வேன்ல ஏறிக்க."

மேருவில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் ரப்பர் கையுறைகளைக் காய வைக்க இரவு பகலாக எரிவாயு எரியும். அதன் பராமரிப்பு முழுவதும் கௌசலா மேடத்தின் கையில். விருந்துக்குத் தவறாமல் வருவார். ஆனால் யாரும் அவரை நெருங்க முடியாது. அவர் பிறவிச் சைவம். சைவக்காரர்களுக்கென்று சமையலறைக் கதவோரமாகத் தனி வட்ட மேசை ஒன்று போடுவார்கள். மற்ற மேசைகளிலிருந்து ஒருவன் எழுந்து அங்கே போவதற்குள் அவர் பாயசத்தை முடித்துவிட்டு மேருவுக்குக் கிளம்பியிருப்பார்.

அடுத்த மாதம் பெயர் கொடுக்கும்போது ஐங்கரன் தன்னையும் சைவம் என்று பதிந்துகொண்டார்.

மேசையில் கௌசலாவுக்கு ஒரு பக்கம் நாகையா இருந்தார். குழாய்ப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சாப்பிடும்போது பேசாதவர். இன்னொரு பக்கம் வால்வு விற்கும் கிஷன். தைப்பூசத்துக்கு எடுத்த விரதத்தை இன்னும் விடவில்லை என்றான். தைப்பூசம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. மற்ற நாற்காலிகளிலும் விற்கிறவர்கள் நிறைந்திருந்தார்கள். ஐங்கரன் சும்மா இருக்க முடியுமா? தங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழைந்ததில்லை என்றார். கௌசலா புருவத்தை உயர்த்தியதும், வீட்டுப் பூனைக்கே தயிர்சாதம்தான் என்று சேர்த்துக்கொண்டார்.

சொன்ன பொய்க்கு மாதா மாதம் தீனி போட வேண்டியிருந்தது. தவுபூ என்னும் சோயாக் கட்டி, பிறகு காளான், பிறகு தவுபூவுக்குள் காளான். பரிமாறுகிறவர்கள் அசல் பிரட்டலை ஏந்திக்கொண்டு அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வருவார்கள். ஒவ்வொரு தட்டும் அவர் காதை உரசிக்கொண்டு போகும். கௌசலாவோ மழை, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல், கிள்ளான் கோயில் கும்பாபிஷேகம் என எல்லாவற்றையும் பேசினார். தொழிற்சாலையைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. வருடக் கடைசி நெருங்கியது.

கடைசி விருந்தில் ஹோட்டல்காரர்கள் புதுமையாக ஒன்று செய்தார்கள். காளான் தண்டை இடித்து, மசாலா போட்டு, பார்வைக்கு ஆட்டுக்கறி போலவே சமைத்த சைவப் பிரட்டலை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த மேசையில் பல மாதம் அடக்கி வைத்த ஆசை. ஐங்கரன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். மேசை, மேடம், டை எல்லாம் மறந்துபோனது.

"உப்பு, உறைப்பு எல்லாம் சரிதான். நெஞ்செலும்புப் பக்கத்துல ஒரு கொழுப்பு வருமே, அது இல்ல பாருங்க. அதான் இடிக்குது."

கிஷனின் முகத்தில் தீபாவளி.

"அந்தக் கொழுப்பு உங்களுக்கு எப்படித் தெரியும், மிஸ்டர் ஐங்கரன்?" என்று கௌசலா மெதுவாகக் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சொல்லலாம். டாக்டர் சொன்னார் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதற்கும் இனி மாதா மாதம் தவுபூ தின்ன வேண்டும். ஐங்கரனின் நாக்கு முதல் முறையாகப் பொய் சொல்ல மறுத்தது.

"சாப்பிட்டிருக்கேன், மேடம். நேத்திக்குக்கூட சாப்பிட்டேன். உங்க தொழிற்சாலை வேலைக்காகத்தான் இங்க வந்து உக்காந்தேன். மன்னிச்சிருங்க."

"அப்ப பூனை?"

"பூனையே இல்ல, மேடம்."

கௌசலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தான் முதலில் வந்த காலத்தில் இந்த மேசையில் தானும் நாகையாவும் மட்டும்தான் என்றார். எங்கே வேலை செய்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகு நாற்காலி பற்றாமல் போனதாம். "இந்த மேசையில சைவம் வளர்ந்த வேகத்துல கோயில்லகூட வளரல. ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்."

பிறகு குரல் மாறியது. தங்கள் ரெகுலேட்டர் ஒன்று பல வாரமாக விசில் அடிக்கிறது, பார்த்தவர்கள் எல்லாம் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள் என்றார். "உங்களுக்குக் கழட்டிப் பாக்கத் தெரியுமா, இல்ல வாய் மட்டுந்தானா?"

வேனில் கழித்த வருடங்களை ஐங்கரன் சுருக்கமாகச் சொன்னார்.

"புதன்கிழமை வாங்க. டை வேணாம்."

சொல்லிவிட்டு அவர் பரிமாறும் பையனைக் கூப்பிட்டு, இந்த ஐயாவுக்கு அசல் ஆட்டுக்கறி ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார். ஒன்று போதுமா என்று அவன் கேட்டான். கௌசலா மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கிஷன் தைப்பூச விரதத்தைக் கைவிட்டுத் தன் தட்டை நீட்டினான். அவனைத் தொடர்ந்து இன்னொன்று, இன்னொன்று. நாகையா மட்டும் தலை நிமிராமல், போட்டிக்கு ஆளில்லாமல் போன காளான் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் விசில் நின்றது. ஒரு வருடத்துக்கான பராமரிப்பு ஒப்பந்தம் அய்யூப்பின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்.

"ஆட்டுக்கறி சாப்பிட்டுத்தான், பாஸ்."

"இத்தன மாசமா அதத்தானே லா நீ சாப்பிட்டுக்கிட்டு இருந்த?"

ஐங்கரன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வயிற்றில் கிடந்த தவுபூவையெல்லாம் நினைத்து, அப்படியே மூடிக்கொண்டார்.