கண்ணாடிக்கு முதுகு காட்டியவர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜிம்மில் நூறு கிலோ தூக்கியவன் நான். பொய். என் உடம்பே நூறு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதைத்தான் சொன்னேன்.

அங்கே ஒரு லோரி டிரைவர் வருவார். பெரிய தொப்பை. கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் எடை தூக்குவார். பிறகு கீழே மாமாக் உணவுக்கடையில் நானும் என் கூட்டாளியும் நெய் சொட்டும் ரொட்டி சானாய் தின்போம். அவர் பாலும் சீனியும் இல்லாத தேநீரோடு உட்கார்ந்திருப்பார்.

"ஒன்னே ஒன்னு சாப்பிடுங்க லா அண்ணே!"

"வேணாம்பா. எடை கொறஞ்சாதான் என் கிட்னிய என் தம்பிக்கு வைப்பாங்களாம்."

போன வாரம் பார்த்தபோது பாதியாக இளைத்திருந்தார்.

"ஆபரேஷன் எப்போ அண்ணே?"

"என் தம்பி தவறிட்டான்பா," என்றவர் குனிந்து அடுத்த எடையை எடுத்தார்.

இனி யாருக்காக இளைக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். வாசலிலிருந்து கூட்டாளி கத்தினான்: "டேய் குண்டா, ரொட்டி சொல்லியாச்சு, வாடா!"