தப்பே சொல்லாத குரல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நானும் முடிச்சூர் அக்காவும் தகுதித் தேர்வு எழுதியே தீரவேண்டும் என்று ஆனபோது, அக்கா கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கினார். நான் போனை எடுத்து ஆப் தேடினேன்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இருவருமே சமூக அறிவியல் டீச்சர்கள். நான் செம்பாக்கத்திலிருந்தும் அவர் முடிச்சூரிலிருந்தும் வந்து தாம்பரத்தில் ஒரே ரயிலைப் பிடிப்போம். யார் முந்தி ஏறுகிறாரோ அவர் மகளிர் பெட்டியில் பையைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடிக்க வேண்டும். இத்தனை வருடம் பாடம் நடத்திய பிறகு, எங்களுக்குப் பாடம் நடத்தத் தகுதி இருக்கிறதா என்று ஒரு பரீட்சை. கெடுவுக்குள் இரண்டு தடவை எழுதலாம், அதற்குள் தேறாவிட்டால் வேலை இல்லை என்று எச்.எம். மேடம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். பயம் அதன் பின்னாலேயே வந்தது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியும். கோடை விடுமுறை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே பீரோவை இடம் மாற்றி வைத்து, அதற்காக வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளுகிறவள் நான். வகுப்பில் அறுபது பிள்ளைகள் கத்தினால்தான் என் மண்டைக்குள் அமைதி இருக்கும்.

படிக்க நேரம் கிடையாது என்பது இருவருக்கும் பொது. கம்ப்யூட்டர் டீச்சர்தான் வழி சொன்னாள். பாடப் புத்தகத்தின் பிடிஎஃப்பைப் போட்டால் போதும், இரண்டு பேர் ரேடியோவில் பேசுவது மாதிரி அந்தப் பாடத்தைப் பேசிக்காட்டும், ஏஐ செய்கிற வேலை, பாட்காஸ்ட் என்று பெயர், ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு வரலாம் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. படிப்பதற்கு அல்ல, தேடுவதற்கு.

"அக்கா, நீங்க கவலைய விடுங்க. நல்லதா ஒண்ணு பாத்து நம்ம ரெண்டு பேருக்கும் நானே எல்லாப் பாடத்தையும் போட்டுத் தரேன்" என்று அன்று மாலை ரயிலிலேயே வாக்குக் கொடுத்தேன்.

"எதுவா இருந்தா இன்னாம்மா, காதுல விழுந்தா சரி" என்றார் அக்கா. கோபம் வந்தாலோ அலுப்பு வந்தாலோ மட்டும் அவர் பேச்சில் அந்த 'இன்னா' எட்டிப்பார்க்கும்.

முதலில் கிடைத்ததில் குப்தர்களைப் பற்றிய பாடத்தைப் போட்டேன். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பேசினார்கள். பாடத்தின் நடுவில் திடீரென்று "பக்கம் நாற்பத்து மூன்று" என்றது அந்த ஆண் குரல். பக்கத்தின் தலைப்பையும் விடவில்லை, சமுத்திரகுப்தர் போருக்குக் கிளம்பும்போது "சமூக அறிவியல், மூன்றாம் பருவம்" என்று குறுக்கே வந்தது. கி.பி.யை 'கிப்' என்றது. ழகரம் அதன் நாக்கில் ஒரு இடத்திலும் ஏறவில்லை. வாசிக்கத் தெரியாத பையன் எழுந்து நின்று வாசிப்பதைக் கேட்பது மாதிரி இருந்தது. அரைகுறை, பாஸ் மார்க்குக் கூடத் தேறாது என்று தள்ளிவிட்டேன். அக்காவுக்கு மாதிரிக்கு அனுப்பி, "இது குப்பை அக்கா, எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான். நல்லது வருது, இருங்க" என்று எழுதினேன்.

இரண்டாவதிலும் குப்தர் பாடத்தையே போட்டேன். மூன்றாவதிலும் அதையேதான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்தால்தானே யார் கெட்டிக்காரன் என்று தெரியும்? டீச்சர் புத்தி அப்படித்தான் போகும். ஒருவனுக்கு எளிய கேள்வியும் இன்னொருவனுக்குக் கடினமான கேள்வியும் கொடுத்து மார்க் போட என் மனசாட்சி இடம் தரவில்லை. ஆகவே வந்து நின்ற ஒவ்வொரு ஆப்புக்கும் குப்தர்தான் பரீட்சை.

இரண்டாவது நல்ல தமிழ் பேசியது, ஆனால் ரயில் நிலைய அறிவிப்புத் தமிழ். எந்த வாக்கியம் முடிந்தாலும் வண்டி அடுத்த நடைமேடைக்கு வரப்போகிறது போலவே இருந்தது. மூன்றாவது "அன்பு மாணவச் செல்வங்களே" என்று நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிட்டது. நான்காவதில் ஆண்தான் எல்லாம் தெரிந்தவன். பெண்ணுக்கு "ஓ, அப்படியா?" என்று வியப்பதைத் தவிர வேறு வேலையே கொடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை விளக்கச் சொல், அவனைக் கேட்கச் சொல் என்று அதற்குக் கட்டளை எழுதினேன். மாற்றியது. மாற்றிய பிறகு அவள் விளக்கி முடித்ததும் அவன் "சுருக்கமாகச் சொன்னால்" என்று ஆரம்பித்து அவள் சொன்னதையே திரும்பச் சொன்னான். எங்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்ததால் அதையும் அழித்தேன்.

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பரீட்சை உனக்கா, அதுங்களுக்கா?" என்றார். நான் பதில் சொல்லியிருந்தால் பீரோ நகர்ந்திருக்கும்.

இப்படியே வாரங்கள் போயின. என்னால் ஒன்றில் நிற்க முடியவில்லை. ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது இதைவிட நன்றாக இருக்குமே என்று மனசு ஓடும். ரயிலில் இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை இயர்போனைக் கழற்றி மாட்டிவிடுவேன். இரவு படுக்கும்போது இன்று என்ன படித்தோம் என்று நினைத்தால் குப்தர் காலத்து நாணயம் மட்டும் பளபளவென்று நினைவுக்கு வரும்.

ஒரு நாள் ரயிலில் அக்கா காதில் மாட்டியபடியே "தப்பு" என்றார், சத்தமாகவே. எதிரே பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அக்கா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமல்லபுரத்த சோழங்க கட்டினாங்களாம். கேட்டியா இந்தக் கூத்த? இன்னா தைரியம் பாரு."

"எதுலக்கா கேக்கறீங்க?"

"நீ முதல்ல அனுப்பினியே, அதுதான். என் பையனண்ட சொல்லி எல்லாப் பாடத்தையும் அதுலயே போட்டுக்கினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கழித்துப்போட்டதை எடுத்து வைத்துக்கொண்டு ரயில் பெட்டியில் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று பாவமாகவும் இருந்தது. "அக்கா, அதை நம்பிப் படிச்சா அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். குரோம்பேட்டை வருவதற்குள் இன்னும் ஒரு "தப்பு" வந்தது. ஒரு "அட மக்கு" வந்தது. பல்லாவரத்தில் ஏறிய கல்லூரிப் பெண்கள் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். அக்காவுக்கு அதெல்லாம் உறைக்காது. வகுப்பில் இருக்கும்போது வராந்தாவில் போகிறவர்களைப் பார்க்கவா போகிறார்?

கடைசியில் எனக்கு வேண்டியதும் கிடைத்தது. நான் குப்தரைப் போட்டுச் சோதித்தபோது ஒரு பிழைகூட இல்லை. பக்க எண்ணை விழுங்கிவிட்டது. ழகரம் இழைந்தது. அவனும் அவளும் சமமாகப் பேசினார்கள், சின்னதாகச் சிரித்தார்கள், தேவையான இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டார்கள். பரீட்சைக்கு அப்போது மூன்று வாரமோ என்னவோ இருந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாப் பாடத்தையும் போட்டு எடுத்து அக்காவுக்கும் அனுப்பினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அதன் பிறகு அந்தக் குரல்கள் என் காதை விட்டு இறங்கவில்லை. தாளிக்கும்போது கேட்டேன். செம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது கேட்டேன். துணி மடிக்கும்போது கேட்டேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது. எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம் போலவே இருந்தது. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

அக்கா அதை இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. எனக்குத் தூக்கம் வருதும்மா" என்று சொல்லிப் பழைய மக்கிடமே திரும்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பிரித்தேன். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மூன்று நிலவரி முறைகளில் ஒன்றான மகல்வாரி முறையைப் பற்றி ஒரு கேள்வி. நான் நடத்தும் ஆறாம் வகுப்பில் அது கிடையாது, ஆனால் பாட்காஸ்டில் பல தடவை கேட்டிருக்கிறேன். கேள்வியைப் பார்த்ததும் அந்த இடம் அப்படியே வந்தது. அவள் "மூன்றாவதுதான் கொஞ்சம் குழப்பம்" என்பாள். அவன் மெல்லச் சிரிப்பான். "குழப்பமே இல்லை, பாருங்கள்" என்பான். அந்தச் சிரிப்பின் ஏற்ற இறக்கம்கூட எனக்கு மனப்பாடம். அதற்கு அப்புறம் அவன் என்ன சொன்னான் என்பதுதான் வரவில்லை. கண்ணை மூடி மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். சிரிப்பு வரை வந்து நின்றுவிட்டது. அடுத்த கேள்வியும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. குரல்கள் எல்லாம் இருந்தன, பாடம் இல்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பிள்ளைகள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். குப்தரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள், அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

ரிசல்ட் வந்த காலையில் அக்காதான் முந்தி ஏறியிருந்தார். பையை எடுத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். அவர் தேறியிருந்தார். நான் தேறவில்லை. கொஞ்சத்தில் தவறியிருந்தாலாவது வயிற்றெரிச்சல் மிஞ்சியிருக்கும், எனக்கு அதுவும் இல்லை.

மீனம்பாக்கம் தாண்டியதும் நானே கேட்டேன், எப்படிக்கா என்று. அவர் யோசித்துத்தான் சொன்னார்.

"அது தப்பாச் சொன்னா எனக்குக் கோவம் வரும். கோவத்துல புத்தகத்தத் திறந்து பாப்பேன். பிள்ளைங்க நோட்டத் திருத்தற மாதிரிதான். திருத்தினது மறக்குமா? உன்னுது தப்பே சொல்லலியேம்மா. நான் எதைத் திருத்தறது?"

எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. சந்தோஷம் என்று வாயால் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குள் சந்தோஷம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் வழக்கம்போல டீச்சர்கள் ஜெபக்கூட்டம். முடிகிற நேரத்தில் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். அந்த வாரம் நல்லது நடந்தவர்கள் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்துவார்கள். மகளுக்கு வரன் அமைந்ததை ஒருவர் சொன்னார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததை ஒருவர் சொன்னார். அக்கா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எச்.எம். மேடம் எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்கையால் இடித்தேன். "எழுந்திரிங்கக்கா. என் முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

அவர் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "நான் பாஸ் பண்ணிட்டேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். உட்காரப்போனவர் உட்காரவில்லை. "பாடத்தையெல்லாம் காதுல கேட்டுப் படிக்கலாம்னு எனக்குக் காட்டினது என் தங்கச்சிதான். இவ இல்லன்னா நான் புத்தகத்தத் திறந்திருக்கவே மாட்டேன். இவளுக்கு இன்னும் ஒரு வாட்டி கீது. இவளுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணணும்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். எச்.எம். மேடம் என் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். நானும் மூடினேன். இந்த வேலை எனக்கு வேண்டும், அந்த அறுபது பிள்ளைகளும் எனக்கு வேண்டும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். முதல் வார்த்தை வருவதற்குள், கம்ப்யூட்டர் டீச்சர் மதியம் சாப்பிடும்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. கேட்கிறவர் தூங்கிவிடாமல் இருக்க அது நடுநடுவே நம்மையே கேள்வி கேட்குமாம். தமிழ்க் குரல் எப்படி இருக்குமோ, என் போனில் இடம் போதுமோ, எதை அழித்தால் போதும் என்று மனசு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

எல்லாரும் "ஆமென்" சொன்னபோதுதான் நான் ஜெபமே பண்ணவில்லை என்பது உறைத்தது. எனக்கே என்னை நினைத்துப் பயமாக இருந்தது. மேடம் விளக்கை அணைக்கச் சொன்னார், நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் அக்கா மட்டும் இன்னும் கண்ணைத் திறக்காமல் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.