எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்லூரி முடித்ததும் சென்னையில் ஒரு மாத இதழுக்கு எழுதப் போகிறேன் என்று அறிவித்தபோது, போளூரில் எங்கள் உறவுக்காரர்கள் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை வேறு. பி.எட். படித்தால் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேச வேண்டும். அந்தப் பயத்தில்தான் எழுத வந்தேன். பேனாவும் பேப்பரும் யாரையும் முறைக்காது என்பது என் கணக்கு.

இதழின் உதவி ஆசிரியர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். மூன்று கட்டுரைகள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒன்றாவது அச்சில் ஏறினால் வேலை. முதல் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. "நீ எழுதினத யார் வேணும்னாலும் ஊருக்குப் போகாமலே எழுதிடலாம்மா. முதல் பாராவுல நீ மட்டும் பார்த்த ஒண்ணு இருக்கணும்" என்றார். அப்பா வேறு பி.எட். விண்ணப்பத்தை வாங்கி டிவி மேல் வைத்துவிட்டார். செய்தி பார்க்க உட்கார்ந்தால் அந்தக் கவரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது கட்டுரைக்காகத்தான் ஜவ்வாது மலை ஏறினேன். சாமை பயிரிடும் குடும்பங்களைப் பற்றி எழுதுவதாகத் திட்டம். திருப்பத்தூர் வரை பஸ், அதற்கு மேல் ஜீப். புதூர்நாட்டுப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு சின்ன ஊரில் ஓர் அக்கா எனக்காக அரை நாள் ஒதுக்கினார். நாற்பது வயதிருக்கும். கணவர், இரண்டு மாடுகள், சாமைக் கொல்லை, அவ்வளவுதான் குடும்பம். என்ன கேட்டாலும் பதில் சொன்னார். கிளம்பும் நேரத்தில், நான் கேட்காமலேயே, கொல்லையின் கோடியில் நட்டிருந்த கல்லில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கு அந்தாண்ட காடுன்னு பாரஸ்ட்டுக்காரங்க கல்லு நட்டுட்டுப் போய்ட்டாங்க. எங்க மாமனாரு காலத்துலேருந்து அந்தாண்டயும் நாங்கதான் வெதைக்கிறோம். சாமைக்குக் கல்லு தெரியுமா, சொல்லு?"

அப்படியே நில்லுங்கள் அக்கா என்று சொல்லி ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து முதல் பாராவில் அந்தப் பேச்சை அப்படியே போட்டேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். பெயரை மாற்றிவிட்டால் ஆளையே மறைத்துவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு.

வியாழக்கிழமை உதவி ஆசிரியர் கூப்பிட்டார். "பிரமாதம்! அந்தக் கல்லுப் படத்த முழுப் பக்கம் போடறோம். படத்துக்குக் கீழ போட ஒரு வரி எழுதி அனுப்பு. திங்கட்கிழமை பக்கமெல்லாம் அச்சுக்குப் போகுது" என்றார். சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அப்பா விண்ணப்பக் கவரை எடுத்து பீரோவுக்குள் வைத்தார்.

பிறகு அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். என்னென்ன இருக்கிறது என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன். அக்காவின் சிரிப்பு. கை. கையின் கீழே கல். கல்லில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண், பளிச்சென்று. எண்ணுக்குப் பின்னால் இடுப்பளவு சாமை.

எந்தக் கல், எந்த இடம், யார் கொல்லை, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கையில் கொடுக்கிறேன். போதாததற்கு, பரம்பரையாக விதைக்கிறோம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன். வனத்துறையில் யாராவது இதைப் பார்த்தால் கேஸ் வரும், நிலம் போகும். பன்னிரண்டு வீட்டு ஊரில் பெயரை மாற்றி என்ன பிரயோஜனம்?

உடனே போன் செய்து படத்தை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். படத்தை எடுத்தால் முதல் பாராவும் போகும், முதல் பாரா போனால் கட்டுரையே போகும், பீரோவுக்குள் போன கவர் வெளியே வரும். அக்காவை நினைத்தும் பயம், உதவி ஆசிரியரை நினைத்தும் பயம். வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். எவ்வளவு கேவலம் பாருங்கள், பயத்திலும் கை எழுதத்தான் செய்தது.

சனிக்கிழமை மறுபடியும் மலை ஏறினேன். அக்காவை எச்சரிக்கப் போனதாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். "அதனால இன்னா, போட்டுக்கோ" என்று அவர் சொல்லிவிடுவார், உதவி ஆசிரியரைக் கூப்பிடும் வேலை மிச்சமாகும் என்ற நப்பாசையில்தான் போனேன்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னா பாப்பா, திரும்ப வந்துட்ட?" என்று சிரித்தார். போனில் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"நெம்பரு தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"புக்கு எப்ப வருது?"

"அடுத்த வாரம்."

"இத எடுக்க முடியாதா?"

"கேட்டுப் பாக்குறேன்க்கா" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "வந்தது வந்துட்ட, சோத்த துன்னுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார். நான் சாப்பிடும்போது அவரும் கணவரும் வெளியே நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காமலேயே கை கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உதவி ஆசிரியரைக் கூப்பிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, எடுத்துடலாம்" என்றார். "அவங்க கதிர் கையில வச்சிருக்கற படம் ஒண்ணு இருந்துச்சே, அதப் போட்டுக்கறேன். முதல் பாராவ வேற எழுதி நாளைக்கு அனுப்பு. இதுக்கா ரெண்டு நாளா பயந்த? இதெல்லாம் தெரிஞ்ச உடனே சொல்லணும்மா." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அழுகையும் சிரிப்புமாக வந்தது. அக்காவுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் மேலே சிக்னல் கிடையாது, கடைசி ஜீப்பும் போய்விட்டிருந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் பாரா எழுத வேண்டும். புத்தகம் வந்ததும் கையோடு எடுத்துப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். என் பயம் தீர்ந்துவிட்டது அல்லவா, அதனால் அவசரமும் தீர்ந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் புத்தகத்தோடு போனேன். ஜீப்பை விட்டு இறங்கி, கொல்லை வழியாகவே நடந்தேன். கல்லுக்கு இந்தப் பக்கம் சாமை தலை சாய்ந்து நின்றது. அந்தப் பக்கம் வெறும் அடிக்கட்டைதான். தரையோடு தரையாக அறுத்திருந்தார்கள்.

அக்கா வீட்டு வாசலில் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். "படம் வரலக்கா, அன்னிக்கே எடுத்துட்டாங்க" என்று ஓடிப் போய்ச் சொன்னேன்.

"அப்பிடியா" என்றார். "நீ கெளம்பிப் போனதும் ரெண்டு பேரும் கொல்லையில எறங்கிட்டோம். ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள அறுத்து முடிச்சோம். பயிரு நின்னாத்தானே கேசு?"

"முத்தவே இல்லையேக்கா."

"பாலுதான் புடிச்சிருந்திச்சி, அரிசி கட்டல. மாட்டுக்குப் போட்டுட்டோம்."

பாதிக் கொல்லை. அவர்களுடைய பாதி வருஷத்துச் சாப்பாடு. மன்னித்துவிடுங்கள் என்று சொல்வதற்குப் பதில் புத்தகத்தை நீட்டினேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். பக்கம் பக்கமாகத் திருப்பித் தன் படத்தைக் கண்டுபிடித்தார். கதிரோடு நிற்கும் படம்.

பிறகு நிமிர்ந்து, உண்மையான அக்கறையோடு, "இன்னா பாப்பா, உனக்கு அந்த வேல கெடச்சிச்சா?" என்று கேட்டார்.

கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.